கூடாரப் பண்டிகையும் காலாண்டு லீவும்



செப்டம்பர் கடைசியில் காலாண்டுப் பரீட்சை லீவு விட்டதும் நம் சூளகிரிப் பக்கத்துச் சிறுபிள்ளைகளின் நிலைமை என்ன? அப்பா ஓசூர் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போயிட்டாரு, அம்மாவும் வேலைக்குப் போயிட்டாங்க. பிள்ளை பூட்டின வீட்டுக்குள்ளே, கையில் செல்போன். ஆகவே இந்த மாதப் பாடத்தை ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்குமாக எழுதுகிறேன்.

லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏழாம் மாதம் 15-ஆம் தேதி தொடங்கி இஸ்ரவேலர் 7 நாள் தழைக் கூடாரங்களில் குடியிருக்க வேண்டும். களத்துப் பலனைச் சேர்த்த பிறகு வரும் பண்டிகை இது (உபாகமம் 16:13). நம் காலண்டரில் செப்டம்பர், அக்டோபரில் வரும். கிளையை வெட்டு, கட்டு, உள்ளே உட்காரு என்று கையாலே படிக்க வைத்த பாடம். நெகேமியா 8-ல் ஜனங்கள் வீட்டு மாடியிலும் முற்றத்திலும் கட்டினார்கள். சிறுபிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கைவேலை எனக்குத் தெரியாது.

கூடாரம் என்றால் நம் பிள்ளைகள் ஷாமியானாவை நினைக்கும். ராகிக் கொல்லையில் யானைக்குக் காவலிருக்கிற குடிசையைச் சொல்லுங்கள், உடனே புரியும். ஏசாயா 1:8-லும் தோட்டத்துக் குடிசை உண்டு. தமிழில் குடிசை, தெலுங்கில் குடிசெ, கன்னடத்தில் குடிசலு. மூன்று பாஷைப் பிள்ளைகளும் கலந்து உட்காருகிற நம் வகுப்புக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை!

நாலு மூங்கில், கொஞ்சம் தென்னை ஓலை போதும். ஆயுத பூஜைக்குக் கம்பெனி லீவு விடும் நாளில் தகப்பன்மாரைக் கூப்பிட்டுக் கம்பு நடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிள்ளைகள் கைவேலை. முற்றின வெண்டைக்காயை நீங்கள் குறுக்கே வெட்டிக் கொடுங்கள். அதைப் பீட்ரூட் சாற்றிலும் மஞ்சள் கரைசலிலும் தொட்டுப் பழைய வேட்டியில் அச்சு வைத்தால் பூப்பூவாய் விழும். அதுதான் கூடாரத்துக்குத் திரை. ஓலையில் காற்றாடி, பூவரச இலையில் பீப்பி செய்யலாம். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ராகி, அவரை விதை, புளியங்கொட்டையை மைதாப் பசையால் அட்டையில் ஒட்டலாம். நாலு வயசுப் பிள்ளை கையில் விதை கொடுக்காதீர்கள், மூக்கிலே போட்டுக்கும். குன்றிமணியும் ஆமணக்கு விதையும் பார்க்க அழகு, ஆனால் விஷம்; வகுப்புப் பக்கமே வேண்டாம். தெர்மாகோல் வாங்க ஓசூருக்கு ஓடவும் வேண்டாம்.

சில ஆசிரியர்கள் பிள்ளை கோணலாய் ஒட்டினதைப் பிய்த்து, பெற்றோர் பார்க்க அழகாயிருக்கட்டும் என்று நேராய் ஒட்டிக் கொடுக்கிறார்கள். இது எனக்குச் சம்மதமில்லை. அது தன் வேலை இல்லை என்று பிள்ளைக்குத் தெரியும். மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். யூதர்கள் இன்றைக்கும் கூடாரத்துக் கூரையை, ராத்திரியிலே நட்சத்திரம் தெரியும்படி இடைவெளி விட்டுத்தான் வேய்கிறார்கள். நம் பிள்ளைகள் வேய்ந்ததிலும் வெயில் ஒழுகினால் ஒழுகட்டும்.

போட்டியும் பரிசும் தேவையில்லை. உபாகமம் 16:14-ல் அந்நியனும் திக்கற்ற பிள்ளையும் பண்டிகைக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளையும் வீடு தேடிப் போய் அழைத்து வாருங்கள்.

கடைசி நாள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்து வனாந்தரக் கதையைச் சொல்லி, கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிட்டபின் கூடாரத்தைப் பிரித்துவிடலாம். காய்ந்த ஓலை அடுப்புக்கு ஆகும், மூங்கிலை வாங்கின வீட்டில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெண்டைக்காய் அச்சுத் திரையை மட்டும் துண்டு துண்டாய்க் கிழித்து, அவரவர் வைத்த பூவை அவரவர் கையிலே கொடுத்தனுப்புங்கள்.