நான்கு சோதனைகள் போதும்

அன்புள்ள செந்திலுக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பகுப்பாய்வு தொடங்கும் அளவுக்கு உங்கள் உதிரிபாகக் கடையில் தரவு இல்லை, இன்னும் இரண்டு வருடம் சேரட்டும், பிறகு நல்ல மென்பொருளாகப் பார்த்து வாங்கலாம் என்று முதலாளி சொல்வதாக எழுதியிருக்கிறாய். அது சரிதானா என்றும் கேட்டிருக்கிறாய். சரியில்லை. ஆனால் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தொழிலில் தரவுப் பகுப்பாய்வு என்றாலே மலை மலையாகத் தரவு வேண்டும், அதைப் போட்டு அரைக்க மென்பொருள் வேண்டும், பெரிய திரையில் நாற்பது வரைபடம் ஓட வேண்டும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். இது தலைகீழ் நம்பிக்கை. எந்த முடிவை எடுக்கப் போகிறோம், அது பிசகினால் எவ்வளவு நட்டம், எந்த அளவு பிசகைத் தாங்க முடியும் என்ற மூன்றும் தெளிவான பிறகுதான் எவ்வளவு தரவு வேண்டும் என்று கேட்பதற்கே பொருள் உண்டு. சராசரி, திட்டவிலக்கமெல்லாம் உனக்குத் தெரிந்தவை. நேரே ஒரு பீர் ஆலைக்குப் போவோம்.

ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியலும் கணிதமும் படித்த வில்லியம் சீலி கோசெட், 1899இல் டப்ளினின் கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டில் எவ்வளவு சர்க்கரைச் சத்து இறங்குகிறது என்பது அங்கே அன்றாடக் கவலை. 168 பவுண்டு மால்ட் கொண்ட ஒரு பீப்பாய்க்கு ஏறத்தாழ 133 பாகை சர்க்கரைச் சத்து வர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பீரின் வலு மாறும், கெடாமல் தாங்கும் நாள் மாறும், வரிக் கணக்கும் மாறும். தொல்லை என்னவென்றால், அதே மால்ட்டை இரண்டு முறை சோதித்தால் இரண்டு விடை வந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் ஆளும் நேரமும் செலவு. எத்தனை முறை சோதித்தால் சராசரியை நம்பலாம்? பிழை அரைப் பாகைக்குள் நிற்க வேண்டும், அப்படி நிற்பதற்குப் பத்துக்கு ஒன்று என்ற அளவிலாவது உறுதி வேண்டும் என்று வைத்துக்கொண்டு கோசெட் கணக்குப் போட்டார். இரண்டு சோதனை செய்தால், நான்கு முறை சரியாக வரும் இடத்தில் ஒரு முறை தவறும். மூன்று செய்தால் ஏழுக்கு ஒன்று. நான்கு செய்தால் பன்னிரண்டுக்கு ஒன்று, ஐந்து செய்தால் பத்தொன்பதுக்கு ஒன்று. 82 செய்தால் ஐயமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் கேட்ட உறுதி நான்கிலேயே கிடைத்துவிட்டது. மீதி 78 சோதனைகளும் ஆலைக்கு வீண் செலவு.

இந்தக் கணக்கை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் அதிலுள்ள கணிதம் அல்ல. அரைப் பாகை என்ற எல்லையையும் பத்துக்கு ஒன்று என்ற உறுதியையும் எந்தச் சூத்திரமும் தராது. பீரை விற்று, வரி கட்டி, கெட்டுப்போன சரக்கால் வரும் நட்டத்தைச் சுமப்பவர்கள்தான் அவற்றைச் சொல்ல முடியும். அவை கையில் வந்த பிறகே கணிதத்துக்கு வேலை. இன்று பல நிறுவனங்களில் விடுபட்டுப் போவது இந்த முதல் படிதான். அதை விட்டுவிட்டு எத்தனை கோடி வரித் தரவு வைத்திருந்தாலும், எந்த இடத்தில் போதும் என்று நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது.

கோசெட் அதோடு விடவில்லை. நான்கைந்து சோதனைகளை வைத்துச் சொல்லும் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு அன்றைய புள்ளியியலில் சரியான விடை இல்லை. கார்ல் பியர்சன் போன்ற புள்ளியியலாளர்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அளவுகளை வைத்து வேலை செய்தவர்கள். சிறு மாதிரி அவர்களுக்குப் பெரிய சிக்கலாகப் படவில்லை. 1906இல் லண்டன் சென்று பியர்சனிடம் ஓராண்டு பயின்ற கோசெட், 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் பயோமெட்ரிகா இதழில் தம் விடையை வெளியிட்டார். அதைச் சரிபார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 குட்டி மாதிரிகள் உண்டாக்கித் தம் சூத்திரத்தோடு ஒப்பிட்டார். கணினி இல்லாத காலத்தில் கையால் செய்த ஒப்புருவாக்கம் அது. இதிலிருந்து வந்த டி-சோதனையைப் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அது ஒரு பீர் ஆலையின் செலவுக் கவலையிலிருந்து பிறந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம்.

அது அந்தக் காலம், இப்போது தரவு தானாகவே வந்து குவிகிறதே என்று நீ கேட்கலாம். குவியட்டும். குவிவது நம் கேள்விக்கான தரவுதானா? அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனத்திடம் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் விவரம் இருந்தது. அதை நம்பி விலையைக் கணித்து, வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியது. சில மாதம் கழித்து விலை எங்கே நிற்கும் என்பதைப் போதிய துல்லியத்தோடு சொல்ல முடியாமல் 2021 நவம்பரில் அந்தப் பிரிவையே மூடியது. ஏறத்தாழக் கால்வாசி ஊழியர்களுக்கு வேலை போனது. இன்றைய விலையை மதிப்பிட்டுக் காட்டுவதில் பிசகினால் பார்ப்பவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். அதே பிசகோடு வீட்டை வாங்கினால் கைமுதல் போகும். நெட்ஃப்ளிக்ஸ் கதை வேறு மாதிரி. படப் பரிந்துரைக் கணிப்பைப் பத்து சதவீதம் மேம்படுத்துபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2006இல் அறிவித்து, 2009இல் பரிசையும் கொடுத்தது. ஆனால் வென்ற அந்த முழு முறையை அது நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கிடைக்கும் கூடுதல் துல்லியம் அதற்கான பொறியியல் உழைப்புக்கு ஈடாகாது என்று கணக்கிட்டது. தாங்கக்கூடிய பிசகு எது, அதற்கு மேல் செலவழிப்பது தகுமா என்ற கோசெட்டின் கேள்விதான் இரண்டு இடத்திலும் நிற்கிறது.

உன் கடைக்கு வருகிறேன். கணினியில் இருக்கும் பில்கள் விற்றதை மட்டுமே சொல்லும். ஒரு பிரேக் ஷூ மூன்று வாரம் இருப்பில் இல்லை என்றால் அந்த மூன்று வாரமும் விற்பனை பூஜ்யம். மென்பொருள் அதைப் பார்த்து, தேவை குறைந்துவிட்டது, கொள்முதலைக் குறை என்று யோசனை சொல்லக்கூடும். கேட்டு வந்து இல்லையென்று திரும்பிப் போனவர் எந்தப் பில்லிலும் இல்லை. இன்னும் இரண்டு வருடம் காத்திருந்தாலும் இதே குறையுள்ள கணக்குத்தான் இரண்டு மடங்காகும். கவுன்டரில் ஒரு நோட்டு வைத்து, இல்லையென்று சொல்லி அனுப்பிய ஒவ்வொரு பொருளையும் தேதியோடு எழுதச் சொல். சில வாரத்து நோட்டு, எதை எவ்வளவு வாங்கி வைப்பது என்ற முடிவுக்குப் பல வருடப் பில்களைவிட அதிகம் உதவும்.

அனுபவசாலிக்கு இதெல்லாம் எதற்கு, முப்பது வருடம் கடை நடத்தியவருக்குத் தெரியாததா என்றும் ஒரு வாதம் வரும். அவருக்குத் தெரியும், அதனால்தான் முடக்கிய பணம் எவ்வளவு வலிக்கும், வாடிக்கையாளர் திரும்பிப்போனது எவ்வளவு வலிக்கும் என்ற இரண்டையும் அவரிடமே கேட்கச் சொல்கிறேன். ஆனால் நினைவு ஒருபக்கம் சாயும். போன வாரம் சண்டை போட்டுவிட்டுப் போன வாடிக்கையாளர் நினைவில் நிற்பார், பேசாமல் திரும்பிப் போன பத்துப் பேர் நிற்க மாட்டார்கள். அந்த இடத்தில்தான் நோட்டு வேண்டியிருக்கிறது.

வெளியிலிருந்து ஒரு நிபுணரை அமர்த்தலாமா என்றும் கேட்டிருந்தாய். அவசரப்படாதே. கின்னஸ், மால்ட்டை அறிந்த தன் ஆளைத்தான் பியர்சனிடம் அனுப்பியது. அவர் ஆலைக்கே திரும்பி வந்து கடைசிவரை கின்னஸிலேயே வேலை பார்த்தார். உங்கள் கவுன்டரில் நிற்பவர்களில் கணக்கில் ஆர்வமுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கற்றுக்கொள்ள நேரமும் செலவும் கொடுக்கும்படி முதலாளியிடம் கேள். மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போதும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்