கூலியும் உடைமையும்

ஒரே தறி, ஒரே நூல், ஒரே கைத்திறன்; ஆயினும் நெசவாளர் பெறும் கூலி, அவர் எவருக்காக நெய்கிறார் என்பதைப் பொறுத்து மாறுபடுகிறது. இதன் காரணத்தை அங்கத்தினர்கள் தெளிவாக அறிதல் வேண்டும்.

சரக்கு விற்ற தொகையில், மூலப்பொருளின் விலையும் இதர செலவுகளும் போக மிஞ்சுவது கூலியாகவும் லாபமாகவும் பிரிகிறது. எப்பங்கு எவ்வளவு என்று தீர்மானிப்பவர் உடைமையாளரே.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் இதற்குத் தக்க சான்று உண்டு. பீடித் தொழிலாளரின் வேலைநேரம், விடுமுறை முதலியவற்றை வரையறுக்கும் மத்தியச் சட்டம் 1966-ல் இயற்றப்பட்டது. 1968-ல் கேரள அரசு அதனை அமுல் செய்ய முற்பட்டபோது, கண்ணூர்ப் பகுதியில் தொழில் நடத்திய மங்களூர்க் கம்பெனிகள் கதவடைத்தன. சுமார் 12,000 பேர் வேலையிழந்தனர்.

அவர்களுள் சுமார் 3,000 பேர் 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவை அமைத்தனர். பங்கு ஒன்றுக்கு ரூ. 20, தொழிலாளர் முதலில் ஒரு ரூபாய் செலுத்த, எஞ்சியதை அரசு கடனாக உதவியது. இடைத்தரகர் நீங்கவே, அவர் பீடிகளைக் ‘கழிவு’ என ஒதுக்கிக் கூலியைப் பிடிக்கும் வழக்கத்துக்கும் இடமில்லாமற்போயிற்று. கூலியோடு பஞ்சப்படி, விடுமுறைச் சம்பளம், போனஸ் ஆகியனவும் கிடைத்தன. நாளடைவில் தொழிலாளர் தொகை 30,000-க்கு மேல் உயர்ந்தது.

எனினும் பங்குப் பத்திரம் கையிலிருப்பது மட்டும் போதாது. ருஷ்யாவில் 1992 முதல் 1994 வரை அரசுத் தொழிற்சாலைகள் தனியுடைமையாக்கப்பட்டபோது, பலவற்றில் தொழிலாளரும் அலுவலரும் சேர்ந்து பெரும்பங்குக்கு உரியவராயினர். அதிகாரமோ பழைய மானேஜர்களிடமே தங்கிற்று. பணமுடை நேர்ந்ததும் பல மாதச் சம்பளம் பாக்கியாயிற்று. சிலவிடங்களில் சம்பளத்துக்குப் பதில் ஆலைச் சரக்கே கொடுக்கப்பட்டது. பங்கு வைத்திருந்தோர் கணக்குக் கேட்கும் நிலையில் இல்லை.

மேலும், உடைமை ஒன்றே சந்தையை வெல்லாது. பீடி விற்பனை குறைந்தபோது தினேஷிலும் தொழிலாளர் தொகை சுருங்கியது. அது உணவுப் பொருள், குடை முதலிய தொழில்களை மேற்கொள்ள நேர்ந்தது.

ஆகவே அங்கத்தினர் கடமைகள் மூன்று:

1. பேரவைக் கூட்டத்துக்குத் தவறாது வந்து, கூலி எவ்வளவு, நிர்வாகச் செலவு எவ்வளவு, தேங்கிய சரக்கு எவ்வளவு எனக் கேட்டறிதல்.

2. லாபம் முழுவதையும் பிரித்துத் தருமாறு வற்புறுத்தாமல், காப்பு நிதியை வளரவிடுதல். விற்பனை மந்தமான காலத்தில் சங்கத்தைத் தாங்குவது அதுவே.

3. நல்ல சரக்கை வெளியாருக்கும் மட்டச் சரக்கைச் சங்கத்துக்கும் கொடாதிருத்தல்.

புதுக்கடைப் பகுதியில் தெங்கும் ரப்பரும் வளர்ப்போருக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு விலையே கூலி. சங்கம் நம்முடையது என்று சொல்வது எளிது. அதன் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பவருக்கே அது உண்மையில் உடைமையாகும்.