பூப்படம் போட்ட பரிசுப் பொருள்கள்: கொள்முதலுக்கு முன் அறிய வேண்டியவை

மளிகைக் கடைக்காரருக்கும் பூப்படத்துக்கும் என்ன தொடர்பு என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். கல்யாண மளிகைச் சீட்டோடு வருகிறவர் இன்று பருப்பு, எண்ணெயோடு நிற்பதில்லை. தாம்பூலப் பையும், அதில் போட ஒரு சிறு பரிசுப் பொருளும் சேர்த்துக் கேட்கிறார். நம்மிடம் இல்லையென்றால் ஓசூருக்கோ பெங்களூருக்கோ போகிறார். போனவர் மளிகையையும் அங்கேயே முடித்துவிட்டு வருகிறார். ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி நாமும் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது கோப்பை, தகர டப்பா, தட்டு, துணிப்பை, நோட்டு எதை எடுத்தாலும் பழைய காலத்துச் செடிப் படங்கள் அச்சாகி வருகின்றன. வெள்ளைப் பின்னணியில் ஒரு கிளை, பூ, காய், பக்கத்தில் பிளந்து காட்டிய விதை. இதுதான் அந்தப் பாணி.

நாம் பட்ட நஷ்டம்

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் மொத்தக் கடை ஒன்றில் இப்படிப்பட்ட பீங்கான் கோப்பைகள் இருபது டஜன் எடுத்தோம். விலை மலிவு என்பதால் பில் கேட்கவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்கு அப்படியே கொடுத்தோம். ஒரே மாதத்தில் பெண்ணின் தகப்பனார் நாலு கோப்பைகளோடு கடைக்கு வந்தார். பாதிப் பூவைக் காணோம். "சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிவாகிவிட்டது" என்றார். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம். வாங்கின இடத்தில் கேட்டால், "பில் எங்கே?" என்றார்கள். பதில் சொல்ல நமக்கு வாய் இல்லை. அதற்குப் பிறகுதான் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டோம். அதையே இங்கே எழுதுகிறோம்.

படங்கள் எங்கிருந்து வந்தன?

இவை வெளிநாட்டுப் பூக்கள் என்று சொல்லி விற்கிறார்கள். பல படங்களில் இருப்பது நம் வேலியோரச் செடிதான். வெள்ளைக்காரருக்கு அது அபூர்வமாக இருந்தது; அவ்வளவே.

டச்சுக்காரரான வான் ரீட் கேரளத்துச் செடிகளைப் பற்றி வெளியிட்ட 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' 12 தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. நம் மாநில மலரான செங்காந்தள் அதில் 'மேந்தோன்னி' என்ற மலையாளப் பெயரில் இருக்கிறது. ஆந்திரத்துச் சாமல்கோட்டையில் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க் இந்திய ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்த படங்களில் 300, சோழமண்டலக் கரைச் செடிகள் பற்றிய நூலாக 1795 முதல் லண்டனில் வெளிவந்தன. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, பிறகு கையால் வண்ணம் தீட்டினார்கள். நாம் இலைத்தட்டு தைக்கும் புரச மரத்தின் பூ அதில் இருக்கிறது.

1819இல் சென்னைக்கு வந்த ராபர்ட் வைட் என்ற மருத்துவர், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சென்னையிலேயே கல்லச்சில் வெளியிட்டார். அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். ஆர்க்கிட் இனம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். பெங்களூர் லால்பாக்கிலும் செலுவையா ராஜு என்ற ஓவியர் செடிகளை வரைந்திருக்கிறார். பூவைத் தந்ததும் நம் மண், வரைந்ததும் நம் கை. இது தெரிந்தால் விற்கிற நமக்கும் ஒரு பிடிப்பு வரும்.

அச்சைச் சோதிப்பது எப்படி?

பீங்கான் கோப்பையில் இரண்டு முறைகள் அதிகம். ஒன்று சப்ளிமேஷன். கோப்பையின் மேல்பூச்சில், 180 முதல் 200 டிகிரி சூட்டில், காகிதத்திலிருந்து வண்ணத்தை ஏற்றுவது. குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்றது. பெயர், தேதி கூடப் போடலாம். ஆனால் கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கெடும். மற்றது டிக்கால். படத்தை ஒட்டிச் சூளையில் சுமார் 800 டிகிரியில் சுடுவது. படம் பீங்கானோடு ஒன்றிவிடும்; விலை சற்றுக் கூடும். இவ்விரண்டும் இல்லாமல் வெறும் ஸ்டிக்கர் ஒட்டியதும் சந்தையில் உண்டு. நம்மை ஏமாற்றியது அதுதான்.

1. மாதிரியாக இரண்டு கோப்பை வாங்கி, ஒன்றைப் புளிக்கரைசலில் ஓர் இரவு ஊறப்போடுங்கள்.
2. காலையில் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, சோதிக்காத கோப்பையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
3. படத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். எழும்பினால் ஸ்டிக்கர்.
4. வாய் படும் விளிம்பிலும் உள்பக்கத்திலும் படம் இருந்தால் வாங்காதீர்கள். வண்ணத்தில் ஈயம் கலந்திருந்தால் உடம்புக்குக் கேடு.

உரிமை யாருடையது?

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவர் வாழ்நாளில் வெளியான படத்துக்கு அவர் இறந்தபின் 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. வைட் இறந்தது 1872இல். அந்தப் பழைய நூல்களின் படங்கள் இன்று பொதுச் சொத்து. ஆனால் இன்றைய ஓவியர் ஒருவர் பழைய பாணியில் புதிதாக வரைந்த படம் அவருக்கே சொந்தம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தெரிந்தே உரிமை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. அச்சிட்டவர் மட்டுமல்ல, விற்கிறவரும் பொறுப்பாளி ஆகலாம். படம் எந்த நூலிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடக்க விலை

ஒரு டஜன் ரூ. 960 என்றால் ஒன்று ரூ. 80 என்று கணக்கிடுவது தவறு. வண்டிக் கூலி ரூ. 60, உடைவது ஒன்று என்று வையுங்கள். ரூ. 1,020ஐ 11ஆல் வகுத்தால் அடக்கம் ஏறக்குறைய ரூ. 93. ரூ. 120க்கு விற்றால் லாபம் ரூ. 40 அல்ல, ரூ. 27தான். கல்யாண ஆர்டருக்கு முன்பணம் வாங்கிய பிறகே சரக்கு எடுப்பது நல்லது. பெயர் அச்சிட்ட பொருள் மிஞ்சினால் வேறு யாருக்கும் போகாது.

விற்கும் முறை

நம் பகுதியில் மூன்று மொழிக்காரர்களும் கடைக்கு வருகிறார்கள். புரசு என்றால் தமிழருக்குத் தெரியும். தெலுங்கில் மோதுக, கன்னடத்தில் முத்துக. பூவின் பெயரை அவரவர் மொழியில் ஒரு சிறு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். வரைந்தவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அதற்குச் செலவு சில காசுகள்தான். வாங்குகிறவர் மனதில் நம் கடை நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. செங்காந்தள் படத்தைப் பார்த்துச் சிலர் அதன் கிழங்கு கிடைக்குமா என்று கேட்பார்கள். நாட்டு மருந்துச் சரக்கும் வைத்திருப்போர் கவனிக்கவும். அது கண்வலிக் கிழங்கு. செடி முழுவதும் விஷம், கிழங்கு கொடிய விஷம். கேட்டவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தத் தகப்பனார் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்தால் நம் கடையில்தான் மளிகை எடுக்கிறார். அன்று திருப்பிக் கொடுத்த பணம் நஷ்டக் கணக்கில் இல்லை. சரக்கை அறிந்து வாங்குவோம், பில்லோடு வாங்குவோம், சொன்ன சொல்லோடு விற்போம்.