ஆஸ்பத்திரி பாக்கிக்கு வீடு போய்விடுமா?

"பில்லைக் கட்டாவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வீட்டை ஜப்தி செய்துவிடுவார்களாமே?" சிவில் வழக்கு நடத்தும் என்னிடம் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. இந்தப் பயத்தில் வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வட்டிக்காரரிடம் ஓடிய குடும்பங்கள்தான் கடைசியில் வீட்டை இழக்கின்றன. ஆத்திரமாக வருகிறது.

ஆஸ்பத்திரி பாக்கிக்கு நீங்கள் வீட்டை அடமானம் வைக்கவில்லை. ஆகவே அதை வசூலிக்க அவர்கள் சிவில் வழக்குப் போட வேண்டும். பொதுவாக 3 ஆண்டுக்குள். உங்களுக்குச் சம்மன் வரும். பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள் உண்டு. பில்லில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் கணக்குக் கேட்கலாம். டிக்ரி ஆன பிறகும், பொதுவாக, நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் உத்தரவோடு அமீனா வந்தால்தான் ஜப்தி. ஏலம் வந்தாலும் கடனை அடைக்கத் தேவையான அளவு சொத்தைத்தான் விற்கலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை, 64-ஆம் விதி. பில்லிங் கவுண்டரிலிருந்து ஃபோனில் மிரட்டினால் வீடு போய்விடாது.

இதைச் சொன்னால், "அப்படியானால் குடியிருக்கும் வீட்டைக் கோர்ட்டே தொட முடியாது" என்று எதிர்க்கரைக்குத் தாவுகிறார்கள். அதுவும் தவறு. விவசாயி, தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் குடியிருக்கும் சொந்த வீட்டுக்குத்தான் அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. மற்றவர்கள் சம்மனை வாங்காமல் ஒளிந்தால் அவர்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகும். உண்மையான ஆபத்து அங்கேதான்.

அதே பாக்கியை அடைக்க வீட்டை வங்கியில் அடமானம் வைத்தாலோ நிலைமை தலைகீழ். கணக்கு வாராக்கடனானால், 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சிவில் வழக்கே போடாமல் வங்கி வீட்டைக் கைப்பற்றலாம். வட்டிக்காரர் கடன் பத்திரத்தோடு நிற்பதில்லை. கிரய ஒப்பந்தம், பவர் பத்திரம் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நீங்களே போய்க் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரத்தை ரத்துசெய்யப் பல ஆண்டுகள் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். வைத்தியச் செலவுக்கு மூலப்பத்திரத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

ஜெயில்? கையில் பணமில்லை என்பதற்காக மட்டும் கடனாளியைச் சிறையில் தள்ள முடியாது என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பாக்கிக்குச் செக் கொடுத்து அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கு வரும், செக் கொடுக்காதீர்கள். அப்பாவின் பாக்கிக்கு மகனுடைய சொந்த வீடு போகுமா? அப்பா விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. அட்மிஷன் படிவத்தில் "நான் கட்டுகிறேன்" என்று மகன் கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு. பாக்கிக்காக நோயாளியையோ உடலையோ பிடித்துவைக்கக் கூடாது என்பது தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது.

சம்மன் வந்தால் வாங்குங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பே கிடையாது, வக்கீல் இலவசம்.