விரியும் மெனுவை எங்கே வைப்பது?

யாத்ரீகர் ஒருவர் செல்போனும் கையுமாக காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 108 திவ்ய தேசங்களில் 14 நம் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. மத்தியானம் நடை சாத்துவதற்குள் முடிந்த மட்டும் தரிசித்தாக வேண்டும். நாம் தயாரித்த வெப் பக்கத்தில் ‘கோயில்கள்’ என்ற மெனுவைத் தொடுகிறார். பட்டியல் விரிந்து, கீழே போட்டிருந்த நடை நேரத்தை அப்படியே மறைத்துவிடுகிறது! மனுஷர் பாடு என்ன ஆவது?

மெனு விரிவதற்கு இரண்டே வழிதான். ஒன்று, கீழே இருப்பதைத் தள்ளிவிட்டு இடம் பிடிப்பது. மற்றது, எதையும் நகர்த்தாமல் மேலே படர்வது. நம்ம ஊர் பட்டுக் கடையில் பார்த்திருப்பீர்களே, ஒரு சேலை மேல் இன்னொரு சேலையாக விரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அடிச் சேலை நகராது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. படரும் மெனு அந்த ரகம்.

இதற்கு சி.எஸ்.எஸ். மொழியில் ‘பொசிஷன் அப்சல்யூட்’ என்று பெயர். 1998-ல் வெளியான சி.எஸ்.எஸ். 2-லேயே இது உண்டு. அப்சல்யூட் கொடுத்த பட்டியல் பக்கத்தின் வரிசையிலிருந்து விலகிவிடும். பிறகு எதை அடையாளமாகக் கொண்டு அது நிற்கும்? தன்னைச் சுற்றியுள்ள பெட்டிகளில், பொசிஷன் கொடுக்கப்பட்ட மிக நெருங்கிய பெட்டியைத்தான் பார்க்கும். அப்படி ஒன்றும் இல்லாத நிலையில் ‘டாப் 0’ என்று சொன்னால் பக்கத்தின் உச்சிக்கே ஓடிவிடும். ஆகவே மெனுத் தலைப்பு இருக்கும் பெட்டிக்கு ‘ரிலேட்டிவ்’ போடுங்கள். பட்டியலுக்கு ‘டாப் 100 சதவீதம்’ போடுங்கள். தலைப்பின் அடி விளிம்பிலிருந்து பட்டியல் அழகாகத் தொங்கும்.

கடைசியாக விரித்த சேலைதான் மேலே கிடக்கும் அல்லவா? இங்கேயும் அதே கதை. மெனுவுக்குப் பிறகு கோபுரப் படங்கள் ஓடும் ஸ்லைடர் வந்து, அதற்கும் பொசிஷன் இருந்தால், அது மெனுவை மூடிவிடும். ‘இசட் இண்டெக்ஸ்’ எண்ணைக் கூட்டினால் சரியாகும். சிலர் 9999 என்று போடுவார்கள். ஏலம் எடுக்கிற மாதிரி! ஸ்லைடரை விட ஓர் எண் கூடுதலாக இருந்தாலே போதும். ஆனால் ரிலேட்டிவ் பெட்டியைச் சுற்றி ‘ஓவர்ஃப்ளோ ஹிட்டன்’ போட்ட பெட்டி இருந்தால் எந்த எண்ணும் உதவாது. பட்டியல் அந்த விளிம்போடு வெட்டுப்பட்டுவிடும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் திரைக்குச் சரி. போனில்? விரலுக்கு வசதியாக ஒரு வரிக்கு 44 பிக்சல் உயரம் கொடுத்தால், 14 கோயிலுக்கு 616 பிக்சல். சிறிய போனில் கிட்டத்தட்ட முழுத் திரையும் போயிற்று. தலைப்புப் பட்டையை ‘ஃபிக்ஸட்’ ஆக நிறுத்தி வைத்திருந்தால் இன்னும் ஆபத்து: பட்டியலும் நகராது, கடைசி இரண்டு மூன்று கோயில்கள் எட்டவே எட்டாது. பட்டியலுக்கு அதிகபட்ச உயரம் வைத்து, உள்ளுக்குள்ளேயே ஸ்க்ரோல் ஆகவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், போனுக்குத் தள்ளும் வகைதான் நல்லது. ‘டீடெய்ல்ஸ்’, ‘சம்மரி’ என்ற இரண்டு டேக் போதும்; ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம். மவுஸ் மேலே வந்தால் விரிகிற ஏற்பாட்டை நம்பாதீர்கள், விரலுக்கு ஏது அது? நடை நேரத்தை மெனுவுக்கு மேலேயே வைத்துவிட்டால் தள்ளுகிற கவலையும் இல்லை.

உள்மெனு இன்னொரு தலைவலி. வலப்பக்கம் விரியவிட்டால் போன் திரைக்கு வெளியே போய்விடும். கீழேயே, கொஞ்சம் உள்தள்ளி விரிய வேண்டும். நம் ஊருக்கு உள்மெனு அவசியம்தான். உலகளந்த பெருமாள் கோயில் ஒன்றுக்குள்ளேயே ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என நான்கு திவ்ய தேசங்கள் அடக்கம். அந்த நான்கையும் ஒரே தலைப்பில் சேர்த்தால் 14 வரி 11 ஆகிறது. உயரமும் 484 பிக்சலாகக் குறைகிறது. நிலாத்திங்கள் துண்டம் இருப்பதோ ஏகாம்பரநாதர் கோயிலுக்குள். திருக்கள்வனூர் காமாட்சி அம்மன் கோயிலுக்குள். பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுதாவிட்டால் வந்தவர் தெருத் தெருவாக விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும். இவ்வளவு நீளப் பெயர்கள் வருவதால் பட்டியலுக்கு அகலத்தை இறுக்கிக் கட்டாதீர்கள். குறைந்தபட்ச அகலம் மட்டும் சொல்லிவிட்டு, மீதியைப் பெயரின் போக்கில் விடுங்கள்.