தேதி வந்துவிட்டது, மைசூருக்குப் போகலாமா?

2023 டிசம்பரில் கேரளத்தில் ஜேஎன்.1 வகைக் கொரோனா தென்பட்டதும் கர்நாடக அரசு ஓர் அறிவுரை வெளியிட்டது. அறுபது வயதைக் கடந்தவர்களும், இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் ஏற்கெனவே நோய் உள்ளவர்களும் முகக்கவசம் அணிய வேண்டும் என்றது. நம் சாமராஜநகர் மாவட்டம் வயநாட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கேரளத்துச் செய்தி நமக்கு வெளியூர்ச் செய்தி அல்ல. இப்படி ஒரு அறிவிப்பு வரும்போதெல்லாம், வீட்டில் ஒரு நோயாளியை வைத்திருப்பவர்களிடம் எழும் கேள்வி ஒன்றுதான்: செக்கப்புக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களே, போகலாமா, தள்ளிப்போடலாமா?

இந்த மாவட்டத்துக் கொள்ளேகாலில் இருப்பவருக்கு இது சின்னக் கேள்வி இல்லை. பெரிய வைத்தியம் என்றால் டி. நரசீபுரம் வழியாக ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் போய் மைசூரில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் திம்பம் மலைப்பாதையில் இறங்கி சத்தியமங்கலம், கோவை. 1956 வரை இந்த ஊர் கோவை மாவட்டத்தில் இருந்தது, பிறகு 1997 வரை மைசூர் மாவட்டத்தில். அதனால் உறவும் வைத்தியமும் இரண்டு பக்கமும் நீள்கின்றன. 2020இல் மாநில எல்லையில் இ-பாஸ் கேட்டபோது அந்த இரண்டில் ஒரு பக்கம் அடைபட்டது. மருத்துவக் காரணத்துக்குப் பாஸ் உண்டு என்று தெரியாமலேயே பயணத்தைக் கைவிட்டவர்களும் உண்டு. போகலாமா என்ற கேள்வியைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: தொற்றுக் காலத்தில் வீட்டை விட்டு நகராமல் இருப்பதே பாதுகாப்பு.

போகாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்பதை நம் நாட்டிலேயே கணக்கெடுத்திருக்கிறார்கள்.

ராஜஸ்தானில் அரசுக் காப்பீட்டில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ராதிகா ஜெயின், பாஸ்கலின் துபா என்ற இரு ஆய்வாளர்களின் குழு தொலைபேசியில் பின்தொடர்ந்தது. 2020 ஊரடங்கில் அவர்களில் 63 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தடைப்பட்டது. பஸ் இல்லை, வழியில் மறித்தார்கள், ஆஸ்பத்திரி மூடியிருந்தது அல்லது கட்டணம் ஏறியிருந்தது. மார்ச் மாதத்தோடு ஒப்பிட்டால் மே மாதத்தில் அவர்களிடையே இறப்பு 64 சதவீதம் கூடியது. தொற்று பெருகாத மாதங்களிலேயே இது நடந்தது. டயாலிசிஸ் தவறினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், நுரையீரலில் நீர் கோக்கும், மூச்சுத் திணறும். அந்தத் திணறலைப் பார்த்துக் கொரோனா என்று வீட்டார் பயந்து, இன்னும் தள்ளிப்போடுவார்கள். இதைவிடக் கொடிய சுழல் எனக்குத் தெரியவில்லை.

புற்றுநோயிலும் அப்படியே. நாடு முழுதும் 41 புற்றுநோய் மையங்களின் பதிவேடுகளைப் பார்த்தபோது, 2020 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவு செய்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைந்திருந்தார்கள், பெரிய அறுவைச் சிகிச்சைகள் 49 சதவீதம் குறைந்திருந்தன. புற்றுநோய் அந்த மூன்று மாதம் விடுமுறை எடுக்கவில்லை. 2019இல் 24 லட்சமாக இருந்த காசநோய்ப் பதிவு 2020இல் 18 லட்சமாக இறங்கியதற்கும் நோய் குறைந்தது காரணம் இல்லை. நோயாளி கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை: ஆஸ்பத்திரி என்றால் பயப்படுவது அறியாமை.

இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள். ஆனால் நம் மாவட்டத்தில் இதைச் சொல்லக் கூடாது. 2020இல் கர்நாடகத்தின் மற்ற மாவட்டங்களெல்லாம் தொற்றில் சிக்கியபோது சாமராஜநகர்தான் கடைசிவரை தொற்றில்லாமல் இருந்தது. ஜூன் மாதம்தான் முதல் நோயாளி வந்தார். அடுத்த ஆண்டே, 2021 மே 2 இரவும் மறுநாளும், சாமராஜநகர் மாவட்ட ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் பற்றாக்குறையின் நடுவே 24 பேர் இறந்தார்கள். மைசூரிலிருந்து சிலிண்டர் வர வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றம் விசாரணைக்குக் குழு அமைத்தது. அந்த இரவைக் கேள்விப்பட்ட ஒரு குடும்பம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கத் தயங்கினால், அவர்கள் கண்ணெதிரே ஒரு காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே தொற்று பரவியதும் உண்மை.

அந்தப் பயத்தை மதித்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். அன்று அங்கே தவறியது சப்ளை. அதைக் காரணமாக வைத்து, மாதம் ஒருமுறை கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி பார்வையை இழக்கக் கூடாது. "பயப்படாதீர்கள்" என்று சொல்வதைவிட, எந்த நேரத்தில் போனால் கூட்டம் இருக்காது, தொற்று நோயாளிகளுக்குத் தனி வழி இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வது அவருக்கு உதவும்.

நம்பிக்கை: போனில் பேசுவது வைத்தியமே இல்லை. அதற்கு நேர் எதிராக, எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிடலாம்.

இரண்டும் தவறு. ஒரு வருகையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவரை எடுத்துக்கொள்வோம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ தினமும் சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டும், ஏறினால் எங்காவது கசியும். அந்த ரத்தப் பரிசோதனையை விட முடியாது. ஆனால் அதற்காக மைசூர் வரை போக வேண்டியதில்லை. கொள்ளேகாலிலேயே லேபில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, மாத்திரை அரையா முக்காலா என்று டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம். எக்கோ எடுக்க வேண்டிய தேதியை எவ்வளவு தள்ளலாம் என்பதையும் அவரே சொல்வார்.

இதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்றே தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வெளியிட்டது. ஏப்ரலில், வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் அரசுச் சேவையான இ-சஞ்சீவனி ஓபிடி வந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாதம் வரைக்கான மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்கலாம், ஆஷா ஊழியர் வழியாக வீட்டுக்கே அனுப்பலாம் என்று அதே ஏப்ரலில் வந்த குறிப்பு சொன்னது.

போனில் முடியாதவை: டயாலிசிஸ், கீமோ, கதிர்வீச்சு, ரத்தம் ஏற்றுவது, கர்ப்பிணிக்கான ஸ்கேன், மார்பில் புதிதாகத் தென்பட்ட கட்டி. இவற்றை நோயாளி தானாகத் தள்ளிப்போடக் கூடாது. தள்ளத்தான் வேண்டும் என்றால் அதை டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

நம்பிக்கை: தினமும் சாப்பிடும் மாத்திரைகள்தான் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கின்றன; நிறுத்திவிட்டால் நல்லது.

2020இல் சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் கொரோனாவை மோசமாக்கும் என்று வதந்தி பரவியது. பிரேசிலில் 659 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். நிறுத்தியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. நாளாகச் சாப்பிடும் ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உடல் நிலைகுலையும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் மருந்தை விட்டால் அந்தச் சிறுநீரகமே போய்விடும். இந்த மருந்துகளோடு கபசுரக் குடிநீரும் குடிப்பவர் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: கையில் சானிடைசர் இருந்தால் போதும்.

கை கழுவுவது நல்லதுதான். ஆனால் கொரோனா முக்கியமாகக் காற்றில் வருகிறது. நம் கவனமெல்லாம் கதவுப் பிடியிலும் ரூபாய் நோட்டிலும் போனது, அடைத்த அறையில் போகவில்லை. டோக்கன் வாங்கிக்கொண்டு ஓபி ஹாலில் முண்டியடித்து உட்காருவதைவிட வெளியே மரத்தடியில் நின்று, முறை வரும்போது போனில் கூப்பிடச் சொல்லுங்கள். துணைக்கு ஒருவர் போதும். என்95 முகக்கவசத்தின் உலோகப் பட்டையை மூக்குத் தண்டின் மேல் இரண்டு விரலால் அழுத்தி, ஊதிப் பாருங்கள்; கண்ணுக்குப் பக்கம் காற்று வந்தால் அது சரியாகப் பொருந்தவில்லை. வால்வு வைத்தது வேண்டாம், 2020 ஜூலையிலேயே சுகாதார அமைச்சகம் அதைத் தவிர்க்கச் சொன்னது. டாக்டர் "என்ன?" என்று கேட்டதும் முகக்கவசத்தைக் கீழே இழுத்துப் பேசுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். சத்தமாகப் பேசினால் போதும், கழற்ற வேண்டாம். கொண்டுபோன இட்லியை ஹாலுக்குள் பிரிக்காதீர்கள். மைசூர் வரை நாலு பேர் ஏசி போட்டு அடைத்த காரில் போவதைவிட, ஜன்னலைத் திறந்து வைத்துப் போவது மேல்.

நம்பிக்கை: இரண்டு ஊசி போட்டாச்சு, இனி கவலையில்லை.

பெரும்பாலானவர்களுக்குத் தடுப்பூசி நல்ல கவசம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கு அதே அளவு இல்லை. உறுப்பு மாற்றம் செய்துகொண்ட 658 பேரை 2021இல் அமெரிக்காவில் சோதித்ததில், இரண்டு தவணைக்குப் பிறகும் 54 சதவீதம் பேருக்குத்தான் எதிர்ப்பொருள் தென்பட்டது. அவர்கள் வீட்டில் மற்றவர்கள் ஊசி போட்டுக்கொள்வது அதனால்தான் முக்கியம்.

நம்பிக்கை: காய்ச்சலோடு போனால் உள்ளே விட மாட்டார்கள், டோலோ போட்டு இரண்டு நாள் பார்க்கலாம்.

கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இது உயிரோடு விளையாடுவது. கீமோ முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளையணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அப்போது தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரியை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறியாக வேண்டும். காய்ச்சல் என்று சொல்லத் தயங்காமல், முதல் வாக்கியத்திலேயே "கீமோ போய்க்கொண்டிருக்கிறது" என்று சொல்லுங்கள். கடைசி கீமோ தேதி எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்கட்டும். வண்டி கிடைக்காவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். மைசூர் தூரம் என்று தோன்றினால் முதலில் கொள்ளேகால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து மேலே அனுப்பச் சொல்லுங்கள்.