மூன்று வயதுக் குழந்தைக்கு எதற்குப் பரீட்சை?

(இந்த மாதப் பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்கலாம்.)



கோடை விடுமுறை வந்தாலே நம் குழுக்களின் தீர்மானப் புத்தகத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்: "பள்ளிச் செலவுக்காக உள்கடன் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது." நாங்களும் களப்பணிக்கு வரும்போது அந்த வரியைப் பார்த்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். அப்படிப் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

நடந்த கதை

ஒரு குழுவில் உறுப்பினர் ஒருவர் ரூ.30,000 உள்கடன் கேட்டார். மகனுக்கு மூன்றரை வயது. "டவுன்ல இருக்கற இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல புள்ளைக்கு டெஸ்ட் வெச்சுத்தான் எல்.கே.ஜி.க்கு எடுப்பாங்களாம். அறிவா இருக்கற புள்ளைங்கள மட்டும் தனி செக்‌ஷன்ல போடுவாங்களாம். என் புள்ள அதுல வந்துடணும் அக்கா" என்றார். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. தவணை எத்தனை, ஜாமீன் யார் என்று மட்டும் பேசினோம். நாங்களும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று மாதம் அந்தச் சின்னப் பிள்ளை டியூஷன் போனான். ஏ முதல் இசட் வரை, 1 முதல் 50 வரை, பத்து பழங்களின் ஆங்கிலப் பெயர், எல்லாம் மனப்பாடம். தேர்வு நாளில் முன்பின் தெரியாத ஒரு மேடம் அவனைத் தனி அறைக்குள் அழைத்துப் போய்க் கேள்வி கேட்டார். அவன் வாயே திறக்கவில்லை. அம்மாவைப் பார்க்கணும் என்று அழுதான். "இன்னும் பேச்சு வரலை, அடுத்த வருஷம் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் வைத்து அந்த அம்மா பிள்ளையை அடித்துவிட்டார். "அன்னிக்கு ராத்திரி அவன் தூக்கத்துலயும் ஏ பி சி சொன்னான்" என்று எங்களிடம் சொல்லும்போது அவரால் பேச முடியவில்லை.

டியூஷன், விண்ணப்பம், புதுச் சட்டை, பஸ் செலவு என்று ரூ.6,000 போனது. மீதிப் பணம் வீட்டுச் செலவில் கரைந்தது. மாதம் 2 வட்டியில் 20 தவணை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அசல் ரூ.30,000, வட்டி ரூ.6,300, மொத்தம் ரூ.36,300. பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, கடன் மட்டும் நின்றது.

இதில் அந்தத் தாயின் மேல் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. பிள்ளை நன்றாக வர வேண்டும் என்ற ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்த ஆசைக்குப் பணம் கொடுக்கும் முன்னால் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

1. அந்த வயதில் தேர்வு எதைக் காட்டும்?

குழந்தைகள் எல்லோரும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஒன்று பத்து மாதத்தில் நடக்கும், இன்னொன்று பதினாலு மாதத்தில் நடக்கும். ஐந்து வயதில் இரண்டும் சேர்ந்து ஓடும். பொதுவாக மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வரையும், நான்கு வயதில் கூட்டல் குறி போடும், முக்கோணம் வரைய ஐந்து வயது ஆகும். இந்த வயதில் ஆறு மாத வித்தியாசமே பெரிய வித்தியாசம். ஆகஸ்டில் பிறந்த பிள்ளையையும் அடுத்த ஜூலையில் பிறந்த பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்டால், தெரிவது அறிவு இல்லை, வயசுதான். இதோடு பசி, தூக்கம், புது இடம், புது முகம் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

அறிவை அளக்கும் தேர்வு எப்படி வந்தது தெரியுமா? 1905இல் பிரான்ஸ் நாட்டில் ஆல்ஃபிரட் பினே என்பவரும் தியோடர் சைமன் என்பவரும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். உதவி கொடுக்க வந்த தேர்வு, பிற்காலத்தில் பிள்ளைகளைத் தரம் பிரித்துக் கழிக்கப் பயன்பட ஆரம்பித்தது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் இதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்தார்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் திறமைசாலிக் குழந்தைகளுக்கென்று தனி வகுப்புகள் உண்டு. அதில் சேர நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் தேர்வு நடந்தது. வசதியுள்ள பெற்றோர் பணம் கட்டிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கறுப்பின, லத்தீன் இனப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடங்கள் மிகக் குறைவு. எதிர்ப்பு வலுத்து, 2021இல் அந்த வயதுக்கான தேர்வைக் கைவிட்டார்கள். ஆசிரியர் பரிந்துரை, அதன் பிறகு குலுக்கல் என்று மாற்றினார்கள்.

2. சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 13ஆவது பிரிவை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

* பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் என்று எதுவும் வைத்து வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் முறை ரூ.25,000 வரையும், அதற்குப் பின் ஒவ்வொரு முறையும் ரூ.50,000 வரையும் அபராதம்.
* நன்கொடை வாங்கக் கூடாது. வாங்கினால் அந்தத் தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம்.
* வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. இது 14ஆவது பிரிவு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. எல்.கே.ஜி.யில் 25 சதவீத இடங்களுக்கு மட்டும் இது பொருந்தும். அந்த இடங்கள் எவை? சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர மற்ற தனியார் பள்ளிகள், தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் தர வேண்டும். தமிழ்நாட்டில் நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் ரூ.2 லட்சத்துக்குக் குறைவு. விண்ணப்பம் இணையத்தில். இடத்தை விட விண்ணப்பம் அதிகம் வந்தால் குலுக்கல்தான், தேர்வு கிடையாது.

பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, சாதிச் சான்று, வருமானச் சான்று, குழந்தையின் புகைப்படம் ஆகியவற்றை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பம் நடக்கும். 2025இல் நிதிப் பிரச்சினையால் அக்டோபரில்தான் தொடங்கியது. அதனால் ஒவ்வொரு வருடமும் தேதியை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. சட்டத்தை மீறித் தேர்வு வைத்தால் முதன்மைக் கல்வி அலுவலருக்குக் குழுவின் பெயரில் மனு கொடுக்கலாம். தனியாகப் போனால் தயக்கம் வரும், பத்துப் பேர் சேர்ந்து போனால் வராது. இது நமக்குப் புதுசு இல்லையே!

3. அப்போ திறமைக்குத் தேர்வே வேண்டாமா?

வேண்டும், அதற்கான வயதில். நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் பற்றிக் கூட்டங்களில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அதுதான் என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. 2008இல் மத்திய அரசு தொடங்கியது.

* யார் எழுதலாம்: அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் 8ஆம் வகுப்பு படிப்பவர்கள். 7ஆம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும்.
* பெற்றோர் ஆண்டு வருமானம்: ரூ.3,50,000க்கு மேல் போகக் கூடாது.
* தேர்வு: மனத்திறன் 90 கேள்வி, பாடத்திறன் 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம்.
* கிடைப்பது: மாதம் ரூ.1,000. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை நான்கு ஆண்டு. மொத்தம் ரூ.48,000.

தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 பேருக்கு இடம். விண்ணப்பம் தலைமை ஆசிரியர் மூலமாகத்தான். தேர்வு ஆனபிறகும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். இடையில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் உதவித்தொகை நின்றுவிடும்.

இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூன்று வயதில் தேர்வுக்காக வாங்கிய கடன் ரூ.36,300 நம் கையை விட்டுப் போனது. பதிமூன்று வயதில் எழுதும் தேர்வு ரூ.48,000 கொண்டு வருகிறது. முதல் தேர்வுக்கு டியூஷன் தேடிய நாம், இரண்டாவது தேர்வுக்கு பிள்ளையிடம் ஒரு பழைய வினாத்தாள் வாங்கிக் கொடுத்தோமா?

அதுவரை என்ன செய்வது?

அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். 2019 முதல், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன. வீட்டில் பிள்ளையோடு பேசுங்கள். பருப்பு புடைக்கும்போது எண்ணச் சொல்லுங்கள், சந்தையில் விலை கேட்கச் சொல்லுங்கள், ராத்திரி ஒரு கதை சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேச வேண்டாம்.

அதே சமயம் மூன்று வயது முடிந்தும் சின்னச் சின்ன வாக்கியம் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் "போகப் போக சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை மருத்துவக் குழு வரும். அவர்களிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இந்த வயதில் பிள்ளையைச் சோதிப்பது உதவி செய்வதற்காக மட்டும் இருக்கட்டும்.

நாம் சொன்ன அந்தப் பையன் இப்போது ஊர் அங்கன்வாடிக்குப் போகிறான். போன மாதம் போயிருந்தபோது அங்கன்வாடி அக்கா சொன்னார்: "முட்டை கொடுக்கற அன்னிக்கு இவன்தான் என் கணக்குப்பிள்ளை. 'இன்னிக்கு மூணு பேரு வரல டீச்சர், மூணு முட்டை மிச்சம்'னு எனக்கு முன்னால சொல்லிடறான்." பேச்சு வரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை இவன்தான். இதை அவன் அம்மாவிடம் சொன்னோம். தவணை கட்ட வந்தவர், பாஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். இன்னும் 11 தவணை பாக்கி இருக்கிறது.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் குழுவில் போன வருடம் பள்ளிச் செலவுக்குக் கொடுத்த உள்கடன் மொத்தம் எவ்வளவு? அதில் பிள்ளையின் படிப்புக்குப் போனது எவ்வளவு?
2. சேர்க்கைத் தேர்வு, நன்கொடை என்று யாரிடமாவது கேட்டார்களா? அப்போது நாம் என்ன செய்தோம்?
3. நம் உறுப்பினர் வீடுகளில் 7, 8ஆம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்?

செய்ய வேண்டியது: மூன்றாம் கேள்விக்கான பதிலைப் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் குழுப் பிரதிநிதிகள் இருவர் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து, அந்தப் பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுத ஏற்பாடு கேட்டு வர வேண்டும். பள்ளிச் செலவுக்குக் கடன் கேட்டு யார் வந்தாலும், "எதுக்கு அக்கா?" என்று இனி நாங்களும் கேட்போம், நீங்களும் கேளுங்கள்.